கயிறு காய்ந்திருந்தது

என் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு நல்ல கிணற்றின் மேல் குற்றம் சாட்டியது. அட்டவணை நேராக இருந்தது. கூட்டலில் பிழை இல்லை. கையெழுத்தைப் பலரும் பாராட்டினார்கள். கிணறு மட்டும் வேறு.

அப்போது நான் பாளையங்கோட்டையில் மிஷன் நடத்திய பெண்கள் ஆஸ்பத்திரியில் மாணவி. மருந்து கலப்பது, கட்டுப் போடுவது, உடற்கூறு, இங்கிலீஷ் எல்லாம் அங்கே படித்துவிட்டு, தகுதி இருந்தால் மதராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மாணவிகள் இரண்டே பேர். மற்றவள் கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்திலிருந்து வந்தவள். கழுத்தில் தாலி ஏறி இறங்கிய பிறகு படிக்க வந்தவள். அவளை மதராஸுக்கு அனுப்ப அவளுடைய அண்ணன் சம்மதித்திருந்தார். எனக்கு அண்ணன் இல்லை. என் அப்பா மிஷனில் உபதேசியார். ஊரில் ஜெபம் நடத்துவதும், கேள்வி பதிலாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், மாதாமாதம் மிஷனுக்கு அறிக்கை எழுதுவதும் அவர் வேலை. அந்தச் சம்பளத்தில் ஒரு மகளை மதராஸ் ரயிலில் ஏற்றிவிடலாம். இறங்கிய பிறகு அவள் பாடு.

ஆகவே என் நிலைமையை ஒரு வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மதராஸ் போக மிஷன் குழுவின் உதவித்தொகை வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் சிபாரிசு வேண்டும். அதற்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது பொங்கல் கழித்துத் திருநெல்வேலியில் கூடும் ஜில்லா வைத்தியர்கள் கூட்டத்தில் வாசிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும், நாசரேத் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவர் நல்லவர் என்றார்கள். நான் அதை மறுக்கவில்லை.

நான் எடுத்துக்கொண்ட பொருள் நரம்புச் சிலந்தி. பெயரில்தான் சிலந்தி, உண்மையில் அது நூல்போல நீளமான புழு. காலில் கொப்புளம் வரும், உடையும், வெள்ளையாக ஒரு முனை தலைகாட்டும். அதை ஒரு குச்சியில் கட்டி, அறுந்துவிடாமல், தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். புண்ணோடு ஒருவர் தண்ணீரில் கால் வைத்தால் புழு அங்கே குஞ்சுகளை விடும். அவற்றைத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி விழுங்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பவர் காலில் அடுத்த வருஷம் கொப்புளம் வரும். ஆகவே கால் இறங்குகிற படிக்கிணறுகள்தான் ஆபத்து. கைப்பிடிச் சுவர் கட்டி, கப்பி போட்டு, வாளியில் இறைக்கிற கிணறுகளில் ஆபத்தில்லை. இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது.

அப்பாவின் ஊரில் இந்த நோய் நிறைய இருந்தது. அப்பாவின் ஊர் என்றால் பிறந்த ஊர் இல்லை, மிஷன் வைத்த ஊர். பாளையங்கோட்டைக்குத் தெற்கே, தாமிரபரணியிலிருந்து வருகிற கால்வாய் கடைசியாக ஒரு குளத்தில் விழுந்து களைத்துப்போகிற இடம். நான் சிறு வயதிலிருந்தே விடுதியில் வளர்ந்தேன். அந்த ஊர் எனக்கு விடுமுறைக்கு மட்டும். குளத்தங்கரையில் ஒரு பழைய படிக்கிணறு இருந்தது. சபை கூடி ஜெபிக்கும் கோயிலை ஒட்டி, அப்பா முன்னின்று மிஷன் பணத்தில் வெட்டிய புதுக் கிணறும் இருந்தது. சுவர், கப்பி, வாளி, வசனம் பொறித்த ஒரு கல். உபதேசியார்களை நாலைந்து வருஷத்தில் ஊர் மாற்றுவார்கள். அந்தக் கிணற்றுக்காகவே அப்பாவை மாற்றாமல் வைத்திருந்தார்கள்.

கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் விவரம் சேர்த்தேன். வெள்ளைத் தாள், பென்சில், குடை. துணைக்கு அப்பா வந்தார். தலைப்பாகையும் நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். நாங்கள் நுழைந்ததும் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் வயது கேட்டேன், எந்தக் கால் என்று கேட்டேன், எத்தனை புழு என்று கேட்டேன். இவற்றுக்கெல்லாம் யோசித்தார்கள், விரல் விட்டார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள்.

"எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிய?" என்ற கேள்விக்கு மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

"மிஷன் கிணறும்மா."

ஒரு வீட்டில் கிழவி வாயைத் திறந்து, "அது, நம்ம குளத்தங்கரையில…" என்று தொடங்கினாள். அவளுடைய கணவர் கையை ஓங்கினார். "ஏட்டி, மிஷன் கிணறுன்னு சொல்லு. ஒனக்கு வயசாயிட்டு, ஒரு விடை சொல்லத் தெரியல." கிழவி உடனே கைகட்டி, "மிஷன் கிணறு" என்றாள். நான் அதை இரண்டு பேர் உறுதி செய்த விடை என்று குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி எழுதத் தொடங்கினேன். அதுவரை நான் பார்த்திருந்த ஒரே அறிக்கை அப்பா மிஷனுக்கு எழுதுவது. அதன் முறைப்படியே எழுதினேன். டாக்டரம்மா கையில் நீலப் பென்சில் இருந்தது. அவர் சீமையிலிருந்து வந்தவர். தமிழை முன்ஷி வைத்து வேதாகமத்திலிருந்து படித்தவர். பேசினால் பிரசங்க மேடையிலிருந்து யாரோ இறங்கி வந்து மருந்து எழுதிக்கொடுப்பது போலிருக்கும்.

முதல் வரி, "கர்த்தருடைய கிருபையினாலே இந்த வருஷம் நரம்புச் சிலந்தி…" என்று இருந்தது.

"கிருபை உண்டு," என்றார் டாக்டரம்மா. "ஆனாலும் அது நோயாளியின் வயதுக்கு முன்பாக வராது." நீலக் கோடு.

"பரிதாபத்துக்குரிய ஒரு ஸ்திரீ" என்ற இடத்தில் நிறுத்தினார். "எவ்வளவு பரிதாபம்? அளந்தாயோ?" நீலக் கோடு.

கடைசியில், "இந்த ஜனங்கள் சீக்கிரம் சுகமடைவார்கள் என்று நம்புகிறோம்" என்று முடித்திருந்தேன். "நம்புகிறோம் என்கிறாய். நீ ஒருத்திதானே எழுதினாய்? மற்றவர்கள் எங்கே?" நீலக் கோடு.

கோடு விழுந்த இடங்களைத் தனித் தாளில் எழுதித் தொகுத்தேன். ஆண்டவரைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. அளக்காததற்கு அடைமொழி கூடாது. தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். அதற்காக மன்னிப்புக் கேட்கக் கூடாது. என் தோழி அதை வாங்கிப் படித்தாள்.

"இதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்னடி இருக்கும்?"

"காலும் புழுவும்."

"போறும். நேக்கு அதுவே ஜாஸ்தி."

அவளுடைய கட்டுரை அப்பளம் இடும் பெண்களின் உள்ளங்கை வெடிப்பைப் பற்றியது. அப்பளக்காரம் பட்டுப் பட்டுத் தோல் பிளந்துவிடும். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "கையைக் காட்டுங்கோ" என்று சொல்லி, பார்த்ததை வரைந்துகொண்டு வந்துவிட்டாள். அது எனக்கு அப்போது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது.

என் மூன்றாவது படியில் கோடுகள் குறைந்திருந்தன. டாக்டரம்மா அட்டவணைக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். புழு வந்த எல்லாரும் மிஷன் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். படிக்கிணற்றில் குடித்தவர் என்று ஒருவர்கூட இல்லை.

"புஸ்தகம் வேறு சொல்லுகிறது," என்றார். "ஒன்றில் புஸ்தகம் தவறு. அல்லது கிணற்றுச் சுவர் பிளந்திருக்கிறது."

அன்று மத்தியானம் தோழியிடம் சொன்னேன்.

"புஸ்தகம் தப்புன்னா நோக்கு ரெண்டு உதவித்தொகை குடுப்பா," என்றாள். "ஒண்ணு இந்த வருஷத்துக்கு, ஒண்ணு வாயை மூடிண்டிருக்கறதுக்கு."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. கிணற்றுக்குப் பணம் கொடுத்த குழுவும் எனக்குப் பணம் கொடுக்க வேண்டிய குழுவும் ஒன்றே. டாக்டரம்மா அதை இன்னும் எளிதாகச் சொன்னார்: கூட்டத்துக்கு முன்பு குழுவின் செயலாளருக்கு எழுத வேண்டும், சோதித்து முடியும்வரை கிணற்றைப் பலகை போட்டு மூட வேண்டும். அப்பாவின் பெயர் அந்தக் கல்லில் இல்லை என்றாலும், ஊரில் எல்லாரும் அதை உபதேசியார் கிணறு என்றுதான் சொன்னார்கள்.

"எழுதும் முன்பு தண்ணீரைக் கண்டு வா," என்றார்.

ஆடி மாதக் காற்றில் வில்வண்டியில் போனேன். கழுவிக் காய்ச்சிய குப்பிகள் இரண்டு, அடைப்பான், பெயர் ஒட்டச் சீட்டு. மிஷன் கிணற்றில் நானே வாளியை இறக்கினேன். கப்பி ஊரையே கூப்பிட்டது. கயிறு விறைத்திருந்தது, இழுத்ததில் உள்ளங்கை சிராய்ந்துவிட்டது. பார்த்ததையெல்லாம் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லாவற்றையும் எழுதினேன். சுவரில் பிளவில்லை. தண்ணீர் தெளிவு. கயிறு காய்ந்திருந்தது. ஆடிக் காற்றில் அந்த வட்டாரத்தில் காயாதது எதுவும் இல்லை என்பதால் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரி ஜன்னலோரம் பித்தளை நுண்ணோக்கியில் துளித்துளியாகப் பார்த்தேன். பூச்சி இல்லை. புழு இல்லை. துளி காய்ந்ததும் கண்ணாடியின் ஓரத்தில் உப்புப் படிகங்கள் மட்டும் நின்றன. அதையும் எழுதினேன்.

டாக்டரம்மா படித்தார். "உப்பு, கயிறு இவைகளுக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இரண்டின் மேலும் நீலக் கோடு இழுத்தார். "ஒரு வாளி ஒரு கிணறு ஆகாது. திரும்பப் போ. அடியிலிருந்து எடுத்து வா. அதற்குப் பின்பும் இப்படியே இருந்தால் செயலாளருக்கு எழுதுவேன்."

மறுபடி போனது அசனப் பண்டிகைக்கு. வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் அரிசியும் பருப்பும் ஆடும் கொடுத்து, கோயில் வளாகத்திலேயே சமைத்து, சாதி வீடு பார்க்காமல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பண்டிகை நாளில் வண்டி கிடைப்பது சுலபம், அதனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். வேறு நோக்கம் இல்லை.

நான் குப்பிகளோடு மிஷன் கிணற்றடிக்குப் போனபோது, கோயிலுக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. குளத்துப் பக்கமிருந்து பெண்கள் குடங்களோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். வரிசையின் முன்னால் அப்பா நின்றார், அதே கோட்டு, அதே தலைப்பாகை. கையை நீட்டி, எந்தக் குடம் எந்த அண்டாவுக்கு என்று காட்டினார். பக்கத்து ஊரிலிருந்து வந்த சமையல்கார அண்ணாச்சி அகப்பையோடு கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே, எவனாவது கைக்குப் பக்கத்துல இருக்கேன்னு இந்த மிஷன் தண்ணிய அண்டாவுல ஊத்துனியளோ, நான் இப்பமே கெளம்பிருவேன் வே! போன தடவ பருப்பு பட்ட பாடு போதும். சாயங்காலம் வரைக்கும் வெந்துச்சி, பொறவும் கல்லா கெடந்துச்சி."

நான் குப்பிகளைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, இது எந்தத் தண்ணி?"

"படிக்கிணத்துத் தண்ணி. பைய வாங்கட்டி, சிந்தாம."

"ஊர்ல எல்லாரும் மிஷன் கிணத்துத் தண்ணிதான் குடிக்கோம்னு சொன்னாவளே?"

"ஆமா, சொன்னாவ."

"குடிக்கலையா?"

"அது உப்பால்லா கெடக்கு. வாயில ஊத்துனா நாக்கு சுருங்கும். பருப்பு வேவாது. துணி தொவைக்கக்கூட நொர வராது."

"பொறவு ஏன் அப்படிச் சொன்னாவ?"

அப்பா என்னை நிதானமாகப் பார்த்தார். "நீ கேட்டேல்லா."

"நீங்க பக்கத்துல நின்னியளே!"

"நின்னேன். ஒருத்தரும் தடுமாறல. எல்லாரும் சரியாத்தான் சொன்னாவ."

அவர் கிண்டல் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஊரில் உபதேசியார் முன்னிலையில் ஒரு கேள்வி கேட்கப்பட்டால் அது ஞானோபதேசக் கேள்வி. அதற்கு ஒரு விடைதான் உண்டு. அது கேட்பவருக்கு முன்பே தெரியும். பதில் சொல்பவருடைய கடமை அதைத் தப்பில்லாமல் சொல்வது. உன்னைப் படைத்தவர் யார் என்று கேட்டால் யாராவது யோசிப்பார்களா? உனக்குக் கிணறு கொடுத்தது யார் என்றுதான் நான் வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். எல்லாரும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அசனம் நன்றாக இருந்தது. பருப்பு வெந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பா இல்லாமல் படிக்கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். பெண்கள் படியிறங்கி, முழங்கால் நனைய நின்று, குடத்தை முக்கி எடுத்தார்கள். ஒருத்தி காலில் துணிக்கட்டோடு இறங்கினாள். தண்ணீர் பட்டதும் எரிச்சல் அடங்கியது போலும். அங்கேயே கொஞ்ச நேரம் கால்களை ஆட்டிக்கொண்டு நின்றாள். புத்தகத்தில் இருந்த படத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

குடம் இடுப்பில் ஏறிய ஒருத்தியை நிறுத்தினேன். கோடையில் என் தாளில் பதில் சொன்னவள்தான்.

"அக்கா, நீங்க எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிய?"

"மிஷன் கிணறும்மா."

"இடுப்புல இருக்கது?"

"இது படிக்கிணத்துத் தண்ணி."

"இத என்ன செய்வீய?"

"வீட்டுல கொண்டுபோயி குடிப்போம். பொறவு என்னத்தச் செய்ய?"

அவள் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை. பின்னால் வந்தவள் சிரித்துவிட்டாள்.

"சும்மா கேட்டா சும்மா சொல்லலாம். நீ எழுதிக்கிட்டுல்லா கேக்க! எழுதுத பேச்சு வேற, குடிக்கித தண்ணி வேற."

"எழுதாம கேட்டா?"

"எழுதாம இந்நேரம் இங்கன வந்து எவா கேப்பா? வேல வெட்டி இல்லாதவளா நீ?"

பென்சிலைப் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. யார் எங்கே இறைக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு கண்ணாடிக் குவளையில் படிக்கிணற்றுத் தண்ணீரை எடுத்து வெயிலில் பிடித்தேன். நுண்ணோக்கி தேவைப்படவில்லை. வெள்ளைப் புள்ளிகள் துள்ளின.

வீட்டுக்கு வந்ததும் நினைவு வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் புழு வந்ததில்லை.

"அம்மா, நம்ம குடத்துல எந்தத் தண்ணி?"

"படிக்கிணத்துத் தண்ணிதான். அந்தக் கரிப்ப எவா குடிப்பா?"

"நானும் அதத்தான் குடிச்சேனா?"

"பொறவு ஒனக்குன்னு தனியா ஆத்துலருந்தா கொண்டாருவேன்? என்ன, பழைய வேட்டியில வடிகட்டுவேன். எல தழ கெடக்கும், பாக்க நல்லாருக்காது."

அட்டவணையில் எங்கள் வீட்டை நானே 'மிஷன் கிணறு' என்று எழுதியிருந்தேன். யாரையும் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம் பேசினேன். அவர் வருஷ அறிக்கையில் ஒவ்வொரு முறையும், சபையார் அனைவரும் புதிய கிணற்றில் பானம்பண்ணுகிறார்கள் என்று எழுதி வந்திருக்கிறார். அந்தக் கிணற்றின் பேரைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு கேட்டிருந்தார்.

"இத நீ எழுதுனா ஓடு வராது," என்றார்.

"எழுதலன்னா கிணத்துக்குப் பலகை வரும்."

அவர் தலைப்பாகையைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "ஓடும் வரணும், பலகையும் வரக்கூடாது. அப்படி ஒரு கட்டுர எழுத முடியாதாம்மா?"

"முடியாதுப்பா."

"எழுதலன்னா ஒனக்கு மதராஸ் உண்டா?"

"பழைய அட்டவணைய அப்படியே கொடுத்தா ஒருவேள உண்டு. புஸ்தகம் தப்புன்னு சொன்ன கட்டுரன்னு பேர் வரும்."

"புஸ்தகம் தப்பா?"

"இல்ல."

முழங்காலில் இருந்த தலைப்பாகையின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு, "ஊர்ப் பேரு போடணுமோ?" என்று கேட்டார்.

"வேண்டாம். தெற்கே ஒரு கிராமம்னு போட்டாப் போதும்."

"அப்ப எழுது."

டாக்டரம்மாவிடம் பழைய அட்டவணையைக் கொடுத்தேன். குறுக்கே நானே கோடு இழுத்திருந்தேன். என்னிடம் நீலப் பென்சில் இல்லாததால் கறுப்புக் கோடு.

"இது என்ன?"

"இதில் இருப்பவை விடைகள். தண்ணீர் இல்லை."

"நீ கண்டாயோ, கேள்விப்பட்டாயோ?"

"முதலில் கேள்விப்பட்டேன். இப்போது கண்டேன்."

நடந்ததைச் சொன்னேன், பருப்பு உட்பட. அவர் அலமாரியிலிருந்து என் பழைய படியை எடுத்து, உப்பையும் கயிற்றையும் அடித்த இடத்தைத் தேடிப் பிடித்தார். நீலப் பென்சில் அழியாது. அடித்த வரிகளின் அடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்துக்கொண்டே போனார். அடித்ததைத் திரும்பச் சேர்க்க அச்சுக்கூடத்தாருக்கு அப்படித்தான் குறிப்பார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"குழுவுக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"கிணறு புழு கொடுக்கிறது என்று எழுதினாலும் பிடிக்காது. கிணற்றில் ஒருவரும் குடிக்கவில்லை என்று எழுதினாலும் பிடிக்காது. ஆகையால் அதைக் குறித்துக் கவலைப்பட அவசியமில்லை. எழுது."

புதுக் கட்டுரை பழையதில் பாதிகூட இல்லை. கேட்டபோது சொன்னது ஒரு பக்கம், பார்த்தபோது கண்டது எதிர்ப் பக்கம். வேட்டியில் வடிகட்டும் ஒரு வீடு பற்றி ஒரு பத்தி. அது ஒரே வீடு என்பதால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது என்று ஒரு வரி. அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டியபோது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்தில் மாணவிகள் வாசிக்க அனுமதி இல்லை. டாக்டரம்மா வாசித்தார். நானும் தோழியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் முன்வரிசை வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் எழுந்து, நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது ஜனங்கள் ஏன் கெட்ட தண்ணீருக்கு நடக்கிறார்கள், இது அறியாமை அல்லவா என்று கேட்டார். டாக்டரம்மா தாளைத் திருப்பிப் பார்த்து, "பருப்பு வேகாது" என்றார். நம் ஊர் வைத்தியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். கேட்டவர் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

"ஒன் கட்டுரையில அவாளுக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதாண்டி," என்றாள் தோழி என் காதருகே.

கட்டுரையில் ஊர்ப் பெயர் இல்லை. ஆனால் எழுதியவள் யாருடைய மகள் என்பது ஜில்லாவில் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. குழு கூடிய நாளில் செயலாளர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது.

"உபதேசியாரே, உம்முடைய சபையார் எந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள்?"

இத்தனை வருஷமாக ஒரே விடை இருந்த கேள்வி. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். என் மதராஸும், பள்ளிக்கூடத்து ஓடும், அவருடைய இத்தனை வருஷ அறிக்கைகளும் அந்தச் செருமலுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நின்றன. அவர் சரியான விடையைச் சொல்லியிருந்தால் என் கட்டுரை பொய். நான் யாரையும் குறை சொல்லியிருக்க முடியாது. நானும் அந்த விடையைத்தான் முதலில் எழுதினேன்.

"படிக்கிணத்துல ஐயா," என்றார். "மிஷன் தண்ணி உப்பு."

உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

ஓடு வரவில்லை. பள்ளிக்கூடம் இன்னும் ஓலைதான். அந்தப் பணத்தைப் படிக்கிணற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். உதவித்தொகை வந்தது. சிபாரிசுக் கடிதத்தை டாக்டரம்மா என்னிடம் காட்டவில்லை. கையில் கொடுத்தபோது, "மதராஸுக்குப் போ. அங்கே தண்ணீர் குழாயில் வருகிறதாம். ஒருவரையும் கேட்டு எழுத வேண்டியிராது," என்றார். நாசரேத் ஆசிரியருக்கு ஈஸ்டருக்கு முன்பே வேறிடத்தில் முடிந்துவிட்டது. அங்கேயும் அவரை நல்லவர் என்றே சொல்கிறார்கள்.

மதராஸ் புறப்படும் முன் ஊருக்குப் போனேன். படிக்கிணற்றின் படிகளைக் கல் போட்டு நிரப்பிச் சுற்றிலும் சுவர் எழுப்பியிருந்தார்கள். மிஷன் கிணற்றிலிருந்த கப்பியையும் வாளியையும் கழற்றி இங்கே மாட்டியிருந்தார்கள். வசனக் கல்லை மட்டும் பெயர்க்க முடியவில்லை என்றார்கள். அது பழைய இடத்திலேயே இருந்தது.

அன்று குடத்தோடு நின்ற அதே அக்கா படிக்கிணற்றடியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், "இந்தா, எழுத வந்துட்டா," என்றாள்.

"எழுதல. சும்மா கேக்கேன். எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிய?"

"மிஷன் கிணறும்மா," என்றாள்.

நான் சுவரருகே போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.